தரம் 3 பிள்ளைகளைப் பட்டிக்கு அழைத்துப் போக வேண்டும்: போன வருடம் நடந்தது மறுபடி நடக்கக் கூடாது

தரம் 3 ரீச்சர், கிளிநொச்சி
ஜனவரி 20, இரவு 9.10

வணக்கம். கிளிநொச்சி நகரை அண்டிய ஒரு பாடசாலையில் தரம் 3 கற்பிக்கிறேன். வகுப்பில் 34 பிள்ளைகள். நேற்று அவர்களைப் பட்டிப்பொங்கல் பற்றி எழுதச் சொன்னேன். எல்லாக் கொப்பியிலும் ஒரே முதல் வரி: "பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு." கொப்பிகளை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, பசு எப்போது பால் தரும் என்று கேட்டேன். "காலையும் மாலையும்" என்றார்கள். கன்று ஈனாத பசு பால் தருமா என்று கேட்டேன். தரும் என்று 29 பேர் கை உயர்த்தினார்கள். வீட்டில் மாடோ ஆடோ நிற்கிறதா என்று கேட்டபோது உயர்ந்தவை ஒன்பது கைகள்தான்.

இது வன்னி. ஏ9 வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்காக இரவு பஸ்கள் நின்று நின்று போகிற இடம். அந்த மாடுகளைத் தினமும் கடந்து பாடசாலைக்கு வருகிற பிள்ளைகள்தான் இவர்கள். தேநீருக்கு வீட்டில் பால்மா கரைக்கிறார்கள். அதில் நான் குறை காணவில்லை, என் வீட்டிலும் அதுதான். ஆனால் பிள்ளைகளுக்கு மாடு என்பது வீதியில் குறுக்கே நிற்கும் ஒரு தடையாக மட்டும் ஆகிவிட்டது என்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

போன வருடம் சுற்றுலா போனோம். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. பிள்ளைகள் விலங்குகளைத் தொட்டுப் பார்க்கலாம் என்று சொன்னார்கள். ஒரு பிள்ளைக்கு 1,200 ரூபாய் வாங்கினோம். நாங்கள் போய் இறங்கியபோது அங்கே எங்களுக்கு முன்பே வேறு இரண்டு பஸ்கள் நின்றன. ஒரு முயலும் ஓர் ஆட்டுக்குட்டியும் கைக்குக் கையாகப் போய்க்கொண்டிருந்தன. வரிசையில் நிற்பது, குட்டியைத் தூக்குவது, படம் எடுப்பது, அடுத்த பிள்ளையிடம் கொடுப்பது. எங்கள் முறை வந்தபோது குட்டி கத்துவதைக்கூட நிறுத்திவிட்டது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. கழுத்து தொங்கியது. நான் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. பணம் கட்டியாகிவிட்டது, பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அதற்காக இன்றுவரை வருந்துகிறேன். கை கழுவ இருந்தது ஒரே ஒரு குழாய். அதிலும் நூல் போலத் தண்ணீர். பிறகு எல்லோரும் அதே கையால் சோற்றுப் பொதியைப் பிரித்தார்கள்.

மறுநாள் வகுப்பில் வரையச் சொன்னேன். பஸ் வரைந்தார்கள், ஊஞ்சல் வரைந்தார்கள், ஐஸ்பழம் வரைந்தார்கள். ஒரே ஒரு பிள்ளை ஆட்டுக்குட்டி வரைந்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. "ஏன் வாய் திறந்திருக்கிறது?" என்று கேட்டேன். "அது அம்மாவைக் கூப்பிடுகிறது, ரீச்சர்" என்றாள்.

இந்த வருடமும் அதே இடத்துக்குப் போகலாம் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. நான் வேறு வழி தேடுகிறேன். ஊஞ்சலும் படமும் இல்லாமல், உண்மையாகவே மாடு ஆடு வளர்த்துப் பிழைக்கும் ஒரு வளவுக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோக முடியுமா? ஒரே நேரத்தில் எத்தனை பேர் போகலாம்? பயந்த பிள்ளைகளை என்ன செய்வது? தொட விடுவதா வேண்டாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்துக்காக என்று எழுதி அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திடமும் அனுமதி வாங்குவது என் பொறுப்பு. அதற்கு முன் எனக்கே தெளிவு வேண்டும்.

---

பரந்தன் தந்தை
ஜனவரி 20, இரவு 10.25

ரீச்சர், என் மகனும் தரம் 4 படிக்கிறான். பஸ் பிடித்து, பணம் சேர்த்து, அனுமதி எடுத்து இவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா? என்னிடம் லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரம் இருக்கிறது. ஒரு மறியாட்டையும் குட்டியையும் அதன் இழுவைப் பெட்டியில் ஏற்றிப் பாடசாலைக்கே கொண்டுவந்து மரத்தில் கட்டுகிறேன். எல்லாப் பிள்ளைகளும் பார்க்கலாம். ஒரு ரூபாயும் வேண்டாம். கூலி வேலை செய்யும் தாய் தகப்பன்மாருக்கு 1,200 ரூபாய் என்பது சிறிய தொகை இல்லை. பணம் கட்ட முடியாமல் வீட்டில் நிற்கிற பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள்.

---

நெத்தலியாற்றங்கரை
ஜனவரி 21, காலை 5.05

ரீச்சருக்கு வணக்கம். பால் கறந்து முடித்துவிட்டு எழுதுகிறேன். நான் விசுவமட்டில் இருக்கிறேன். 11 மாடுகள், அவற்றில் இப்போது பால் தருபவை நான்கு. ஆடுகள் குட்டிகளோடு 23. ஊர்க்கோழிகளை எண்ணுவதில்லை. இரண்டு பாடசாலைகளும் ஒரு முன்பள்ளியும் என் வளவுக்கு வந்து போயிருக்கின்றன. முதல் முறை நிறையப் பிழை விட்டேன். அதில் படித்ததைத்தான் சொல்கிறேன்.

முதலில் பரந்தன் தம்பிக்கு. நல்ல மனதோடு சொல்கிறீர்கள், பணம் பற்றிச் சொன்னதும் முழு உண்மை. ஆனால் அந்த ஆட்டைப் பெட்டியில் ஏற்ற வேண்டாம், தம்பி. ஆடு கூட்டத்தோடு வாழ்கிற பிராணி. தெரியாத இடத்தில், தெரியாத மரத்தில், ஓட வழியில்லாமல் கயிற்றில் நின்று முந்நூறு பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டால் அதற்கு நெஞ்சு பதறும். பிள்ளைகள் அங்கே பார்க்கப் போவது பயந்த ஓர் ஆட்டை மட்டும்தான். ஆடு என்ன தின்கிறது, யாரோடு முட்டுகிறது, எந்தக் குட்டி எந்தத் தாயிடம் போகிறது என்பதெல்லாம் அதன் சொந்த வளவில்தான் தெரியும். உங்கள் லாண்ட் மாஸ்டரில் பிள்ளைகளை ஏற்றுவதும் சரி வராது, வலயம் அனுமதிக்காது. வந்து நின்று உதவி செய்யுங்கள், அது பெரிய காரியம்.

இனி ரீச்சருக்கு. ஒரு நேரத்தில் 12 பிள்ளைகளுக்கு மேல் நான் கொட்டிலுக்குள் விடுவதில்லை. உங்கள் 34 பேரை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதி என்னோடு. ஒரு பகுதி என் கணவரோடு, அவர் குழை வெட்டிக் கட்டுவதையும் தண்ணீர்த் தொட்டி நிரப்புவதையும் செய்விப்பார். மூன்றாவது பகுதி மாமரத்தின் கீழ் உங்களோடு. வேலை இல்லாமல் காத்து நிற்கும் பிள்ளைதான் கல் எடுத்து எறியும்.

காலை ஏழரைக்கு முன் வந்துவிட வேண்டும். ஒன்பதரைக்குப் பிறகு வெயில் ஏறினால் மாடுகளும் சினக்கும், பிள்ளைகளும் சோர்வார்கள். பெப்ரவரி நல்ல மாதம். மாரி மழை ஓய்ந்திருக்கும், புல் இன்னும் பச்சையாக நிற்கும். காலபோக வெட்டு முடிந்த வயல்களில் பட்டி மாடுகளை அவிழ்த்து விட்டிருப்பார்கள். மாரியில் பயிர் நிற்கும்போது அந்த மாடுகளைக் காட்டோரம் கொண்டுபோய் வைத்துக் காவல் இருக்க வேண்டும். மேய்ச்சல் தரை என்று ஒதுக்கிய நிலம் எங்களுக்குப் போதாது. உங்கள் பிள்ளைகள் வீதியில் காணும் மாடுகள் ஏன் அங்கே படுக்கின்றன என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

வந்தவுடன் நான் எதையும் தொட விடுவதில்லை. பிள்ளைகளை வைக்கலில் உட்கார வைப்பேன். பத்து நிமிடம் பேசாமல் ஒரு மாட்டைப் பார்க்க வேண்டும். அசை போடும் மாட்டின் கழுத்தைக் கவனித்தால், ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறி வருவது கண்ணுக்குத் தெரியும். வந்ததும் மெல்லத் தொடங்கும். எத்தனை முறை மெல்லுகிறது என்று பிள்ளைகள் விரல் விட்டு எண்ண வேண்டும். நாற்பது, ஐம்பது, சில வேளை அறுபது. பிறகு விழுங்கும். ஒரு கணம் சும்மா இருக்கும். அடுத்த உருண்டை ஏறும். பிள்ளைகள் அந்த இடத்தில் மூச்சுவிடாமல் இருப்பார்கள். இப்படி ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணிநேரம் மாடு அசை போடும் என்று சொன்னால், "எங்களுடைய பாடசாலை நேரத்தை விடக் கூடவா?" என்று ஒருவன் கேட்டான். இரைப்பைக்கு நான்கு அறை என்று புத்தகத்தில் இருப்பதை அதற்குப் பிறகு படித்தால் அது மனதில் நிற்கும்.

பல் பற்றிச் சொல்கிறேன். மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் இல்லை. ஆட்டுக்கும் அப்படித்தான். அங்கே கெட்டியான ஒரு முரசு மட்டும் இருக்கும். இதை நான் சொன்னபோது ஒரு பிள்ளையும் நம்பவில்லை. செல்லி என்ற வயதான மாட்டின் உதட்டை நானே தூக்கிக் காட்டினேன். தன் இரண்டு முன்பற்களும் விழுந்து நின்ற ஒரு பெண்பிள்ளை கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தொடுவது பற்றிக் கேட்டீர்கள். என் வளவில் ஆடுகளைக் கட்டி வைத்துத் தொடக் கொடுப்பதில்லை. பின்பக்கப் படலை திறந்திருக்கும். அதற்கு அப்பால் பிள்ளைகள் போகக் கூடாது, அது ஆடுகளின் இடம். ஆடு தானாக வந்தால் தொடலாம். போனால் விட்டுவிட வேண்டும். பூவரசங் குழையை நீட்டிக்கொண்டு பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருந்தால் ஆடு வரும். வந்து தின்னும்போது தோளில் தடவலாம், தலையில் கை வைக்கக் கூடாது. தூக்குவது அறவே இல்லை. குட்டியை நாலு பேர் தூக்கினால் நாற்பது பேரும் தூக்கத்தான் கேட்பார்கள். முயலைச் சிறு பிள்ளைகள் கையில் கொடுப்பது இன்னும் பெரிய பிழை. பயந்து பின்காலால் உதறினால் அதன் முதுகெலும்பே முறியும். உங்கள் வகுப்புப் பிள்ளை வரைந்த அந்தக் குட்டியை நினைத்து எனக்கு இரவு முழுவதும் மனம் ஆறவில்லை.

மாட்டின் நேர் பின்னால் நிற்கக் கூடாது. அது மாட்டுக்குத் தெரியாத இடம். சுற்றிவர எல்லாம் தெரியும், தன் வாலுக்குப் பின்னால் நிற்பது தெரியாது. தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டு வர வேண்டும். இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, "உன் பின்னால் யாராவது சத்தம் இல்லாமல் வந்து தொட்டால் நீ என்ன செய்வாய்?" என்று கேட்பேன். உடனே விளங்கிக்கொள்வார்கள்.

பால் கறப்பதை நான் மட்டும் செய்வேன். ஆனால் அதற்கு முன் கன்றை அவிழ்த்து விடுவதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கன்று ஓடி வந்து மடியை முட்டும். தாய் அதை நக்கும். அதன் பிறகுதான் மாடு பாலை இறக்கும். கன்று ஊட்டாமல் என் நாட்டு மாடுகள் ஒரு துளியும் தராது. உங்கள் 29 பிள்ளைகளும் இந்த ஒரு காட்சியைப் பார்த்தால் போதும், ரீச்சர். மற்றதெல்லாம் மேலதிகம்தான். இதைப் பார்த்த ஒரு பையன், "அப்படியென்றால் நாங்கள் கன்றின் பாலையா எடுக்கிறோம்?" என்று கேட்டான். ஆம் என்றேன். ஒரு காம்பைக் கன்றுக்கு விட்டுவிட்டு மூன்றில் கறக்கிறேன் என்பதையும் காட்டினேன். ஈன்ற முதல் நாட்களின் கடும்புப் பாலில் கன்று குடித்து மிஞ்சுவதைத்தான் எடுப்போம் என்றும் சொன்னேன்.

இன்னொரு கேள்வியும் வரும், தயாராக வாருங்கள். "இந்தக் கிடாய்க்குட்டி பெரிதானதும் என்ன செய்வீர்கள்?" விற்பேன். வாங்குகிறவர் இறைச்சிக்குத்தான் வாங்குகிறார். எட்டு வயதுப் பிள்ளையிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். "விற்று அந்தக் காசில்தான் என் மகள் படிக்கிறாள். இங்கே நிற்கும் வரை பசியோ அடியோ இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்வேன். சில வீடுகளில் மச்சம் சாப்பிடுவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே பெற்றோரிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிவிடுங்கள்.

பயந்த பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். ஒருவன் வேலிக்கு வெளியே நின்றே இரண்டு மணிநேரமும் பார்த்தான். கிட்ட வரவே இல்லை. போகும்போது எந்த மாடு எந்த மாட்டைத் தள்ளிவிட்டு முதலில் தண்ணீர் குடித்தது என்று சரியாகச் சொன்னான். உள்ளே நின்ற பிள்ளைகள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

செல்லியின் தொடையில் எங்கள் குறி சுட்ட தழும்பு இல்லை, அவளுக்குக் காதில் மஞ்சள் இலக்கத் தகடுதான். அவளுடைய தாய்க்கு இருந்தது. 2009 தை மாதம் இங்கிருந்து வெளிக்கிட்டபோது என் தகப்பனார் 40 மாடுகளின் கயிற்றையும் அறுத்துவிட்டார். கட்டையில் நின்று பட்டினியில் சாகக் கூடாது, எங்கேயாவது மேய்ந்து பிழைக்கட்டும் என்றார். 2010 இன் கடைசியில் திரும்பி வந்து தேடினோம். எங்கள் குறியோடு கிடைத்தது ஒரே ஒரு நாகு. தகப்பனார் அதன் தொடையைத் தடவிக்கொண்டு வீதியிலேயே உட்கார்ந்துவிட்டார். செல்லி அதன் கன்று. பிள்ளைகள் கேட்டால் இதையும் சொல்வேன். கேட்காவிட்டால் சொல்வதில்லை.

எருக்குவியலைச் சொல்ல மறந்துவிட்டேன். சாணம் என்றதும் மூக்கைப் பொத்துவார்கள். ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவே செருகிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து இழுத்துத் தொடச் சொல்லுங்கள். சுடும். அதன் பிறகு மூக்கிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள்.

பணம் வேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டுக் குழை, அல்லது வீட்டில் மிஞ்சிய தவிடு ஒரு கிண்ணம் கொண்டுவரட்டும். பஸ் செலவை மட்டும் நீங்கள் பாருங்கள்.

---

பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வவுனியா
ஜனவரி 21, மதியம் 1.40

அக்கா சொன்னவற்றோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். என் தொழில் சார்ந்து சிலவற்றைச் சேர்க்க வேண்டும்.

ரீச்சர் எழுதியதில் எனக்கு மிகவும் பயம் தந்தது அந்த ஒற்றைக் குழாய்தான். மாடு, ஆடுகளின் குடலில் வாழும் சிலவகை ஈ.கோலை பக்டீரியா அவற்றுக்கு ஒரு துன்பமும் தராது. அதே கிருமி சிறு பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் இரத்த வயிற்றோட்டம் வரும், சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கும். 2009 இல் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில், பிள்ளைகள் விலங்குகளைத் தொட்டு விளையாடும் ஒரு பண்ணையிலிருந்து இப்படி 93 பேருக்கு நோய் பரவியது. பெரும்பாலோர் சிறுவர்கள். விலங்குகள் அங்கே நோயாளிகளைப் போலவா நின்றன? இல்லை, பார்வைக்கு நல்ல சுகத்தோடுதான் நின்றன.

ஆகவே ஓடும் தண்ணீரும் சவர்க்காரமும் கட்டாயம். கையில் பூசும் ஜெல் போத்தலை நம்ப வேண்டாம். சாணி அழுக்கு உள்ள கையில் அது சரியாக வேலை செய்யாது, கிரிப்டோஸ்பொரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளை அது கொல்லவும் மாட்டாது. வளவில் குழாய் போதாவிட்டால், அடியில் குழாய் பொருத்திய நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் இரண்டைக் கொண்டுபோங்கள். கொட்டிலுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவில் அதை வையுங்கள். கை கழுவாமல் எந்தப் பிள்ளையும் அந்த இடத்தைத் தாண்டக் கூடாது. தண்ணீர்ப் போத்தல், இனிப்பு, விரல் சூப்பும் பழக்கம் எல்லாம் கொட்டிலுக்கு வெளியே நிற்க வேண்டும். நகத்தை முதல் நாளே வெட்டிவிடச் சொல்லுங்கள்.

கறந்த பாலை அப்படியே குடிக்கக் கொடுக்க வேண்டாம், கொதிக்க வைத்துக் கொடுங்கள். கோழிக்குஞ்சைப் பார்த்ததும் கன்னத்தில் வைத்து முத்தமிடுவார்கள், சல்மொனெல்லா அப்படித்தான் வாய்க்குள் போகிறது. அதையும் முன்பே சொல்லி வையுங்கள்.

வெறுங்காலும் செருப்பும் வேண்டாம், மூடிய சப்பாத்துதான். காலில் புண் உள்ள பிள்ளை சேற்றில் இறங்கக் கூடாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனதை நாம் எல்லோரும் பார்த்தோம். மழை பெய்து கொட்டில் சேறாகக் கிடந்தால் பயணத்தை ஒரு கிழமை தள்ளி வையுங்கள். வளவு நாய்களைக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். நாய் கீறினாலும் கடித்தாலும் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. உங்களோடு வரும் ஆசிரியைகளில் யாராவது கர்ப்பிணியாக இருந்தால், குட்டி ஈனும் பருவத்து ஆடுகளின் பக்கம் அவர் போக வேண்டாம். மாமர நிழல் பிரிவை அவரிடம் ஒப்படையுங்கள்.

---

முகமாலைக்காரன்
ஜனவரி 21, மாலை 6.15

நான் வெடிபொருள் அகற்றும் வேலையில் முகமாலைப் பக்கம் எட்டு வருடம் இருந்தவன். ரீச்சர், எந்த வளவுக்குப் போனாலும் சுற்றியுள்ள காணி துப்புரவாக்கி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம சேவையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விசுவமட்டில் மக்கள் இருக்கும் இடங்களில் பயப்பட ஒன்றும் இல்லை என்று சிலர் சொல்வார்கள். அப்படியே இருக்கட்டும், ஆனாலும் கேளுங்கள். பிள்ளை ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு பற்றைக்குள் ஓடும். கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது, 2028 க்குள் அகற்றி முடிக்க வேண்டும் என்பது கணக்கு. அதுவரை பற்றைக்குள் கிடக்கும் இரும்புச் சாமான் எதையும் பிள்ளைகள் தொடக் கூடாது. பட்டியில் தொடக் கூடியது எது, தொடக் கூடாதது எது என்று சொல்லிக் கொடுக்கும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பயமுறுத்தாமல் சொல்லுங்கள்.

---

தரம் 3 ரீச்சர், கிளிநொச்சி
பெப்ரவரி 13, இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. நேற்று, வியாழக்கிழமை, அக்காவின் வளவுக்குப் போய் வந்தோம். கிராம சேவையாளரிடம் கேட்டோம், காணி துப்புரவானது. பஸ்ஸுக்குப் பிள்ளைக்கு 350 ரூபாய் வந்தது. பரந்தன் ஐயா தன் லாண்ட் மாஸ்டரில் இரண்டு பீப்பாய்த் தண்ணீரும் குழைக் கட்டும் ஏற்றிக்கொண்டு எங்களுக்கு முன்பே போய் நின்றார். பணம் கட்ட முடியாத மூன்று பிள்ளைகளின் பங்கையும் அவரே கொடுத்தார். அதை எழுத வேண்டாம் என்றார், எழுதிவிட்டேன்.

அசை போடுவதை எண்ணியது பற்றித்தான் பிள்ளைகள் இன்று முழுவதும் பேசினார்கள். செல்லிக்கு 52. வெள்ளைக்கு 47. நாம்பன் ஒன்றுக்கு 39 என்று ஒருவன் சொல்ல, அது நடுவில் தலையைத் திருப்பிவிட்டது, அந்த எண்ணிக்கை செல்லாது என்று இன்னொருவன் வாதாடினான். கரும்பலகையில் எல்லா எண்களையும் எழுதி வைத்திருக்கிறேன். அழிக்க விடமாட்டோம் என்கிறார்கள்.

கன்று ஊட்டியபோது ஒருவரும் பேசவில்லை. தாய் நக்கியதும் கன்றின் முதுகு மயிர் ஒரு பக்கமாகப் படிந்ததை ஒரு பிள்ளை எனக்குக் காட்டினாள். போன வருடம் குட்டியை வரைந்தவளின் தங்கை அவள். ஒரு பிள்ளை மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கவே மறுத்தான். அவனோடு நான் அரை மணிநேரம் பஸ்ஸிலேயே இருந்தேன். யன்னலால் பார்த்தான். அதோடு விட்டுவிட்டேன்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். கை கழுவும் இடத்தில் நெரிசலாகிவிட்டது. இரண்டு பீப்பாய் போதாது, அடுத்த முறை நான்கு வேண்டும்.

புறப்படும் நேரத்தில் அக்கா ஓர் அடைகோழிக்கு 11 முட்டை வைத்தார். பிள்ளைகள் முட்டையில் தங்கள் பெயரை எழுதக் கேட்டார்கள். அவர் விடவில்லை, பென்சிலால் 1 முதல் 11 வரை இலக்கம் மட்டும் எழுதச் சொன்னார். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. 21 நாள் என்றதும் வகுப்பு நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தோம். மார்ச் 5, அதுவும் வியாழன். வட்டம் போட்டு வைத்திருக்கிறோம்.

---

நெத்தலியாற்றங்கரை
பெப்ரவரி 20, காலை 5.20

ரீச்சர், நேற்று இரவு ரோச் வெளிச்சத்தில் முட்டைகளைப் பிடித்துப் பார்த்தேன். ஏழாம் நாள். ஒன்பதில் சிவப்பு நரம்பு சிலந்தி வலை போல ஓடியிருக்கிறது. 4 உம் 9 உம் வெறுமையாகத் தெரிகின்றன. வீடியோ எடுத்து உங்கள் வட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த இரண்டையும் எடுத்துவிடாமல் விட்டிருக்கிறேன், பிள்ளைகள் கேட்பார்கள்.

---

தரம் 3 ரீச்சர், கிளிநொச்சி
மார்ச் 6, இரவு 7.30

அக்கா அனுப்பிய படத்தை இன்று காலை வகுப்பில் காட்டினேன். எட்டுக் குஞ்சுகள். 4, 9 இரண்டும் அப்படியே கிடக்கின்றன. 6 ஆம் முட்டையில் குஞ்சு மூக்கால் ஓட்டை உடைத்துவிட்டு வெளியே வராமல் இறந்துவிட்டதாம். பெயர் எழுத விடாததன் காரணம் எனக்கு இப்போது விளங்குகிறது. 34 பிள்ளைகளும் 6 ஆம் முட்டையைப் பற்றியே கேட்கிறார்கள். ஓட்டை உடைக்கும் அளவுக்குப் பலம் இருந்த குஞ்சு ஏன் வெளியே வரவில்லை? நாங்கள் உதவியிருக்கலாமா? திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். கால்நடை வைத்தியர்கள் யாராவது இதைப் பார்த்தால், எட்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி எழுதுங்கள்.